ஐந்தாம் இணைப்பில் இல்லாத வரி

மார்ச் 4, செவ்வாய்

கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் வழக்கமான சந்தேகம். பின் சீட்டில் இருந்த அக்கா முதுகில் ஒரு தட்டு தட்டினாள். "வண்டிய மட்டும் திருப்பின, நான் இறங்கி நடந்தே போயிடுவேன். அணைச்சத நான் பார்த்தேன்டி, நடுங்கி." நடுங்கி என்பது எனக்கு ஐந்து வயதில் அவள் வைத்த பெயர். நாற்பத்தெட்டு வயதிலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஏழு மணிக்கு மருத்துவமனை, நான்காம் மாடி, டயாலிசிஸ் வார்டு. செவ்வாய், வியாழன், சனி என்று நான்கு வருடமாக இதுதான் எங்கள் வாரம். அக்கா ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. ஜன்னலோர நாற்காலி அவளுடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

குடிநீர் வாரிய அலுவலகத்தில் தலைமைப் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். நகரின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தை அரசு–தனியார் கூட்டு முறையில் ஒரு கம்பெனிக்கு ஒப்படைக்கப் போகிறார்கள். முப்பது வருட ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்கான அறிக்கையில் இரண்டு பகுதி என் தலையில். முதல் அத்தியாயம்: இந்தக் கூட்டு முறை பல நாடுகளில் வளர்ந்த வரலாறு, பத்துப் பக்கம். ஐந்தாம் இணைப்பு: இன்று நம் ஆட்கள் அங்கே செய்யும் எல்லா வேலைகளின் பட்டியல். அதில் உள்ளதைக் கம்பெனி செய்தே ஆக வேண்டும்.

"எழுதறதுக்கு உங்கள விட்டா வாரியத்துல யாரும்மா இருக்கா?" என்றார். யாராவது என்னைப் புகழ்ந்தால் எங்கே தப்பு வரப்போகிறது என்று தேடத் தொடங்கிவிடுவேன். இன்றும் தேடினேன்.

மார்ச் 8, சனி

வார்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வரலாறு படித்தேன். நேற்று முளைத்த விஷயம் என்று நினைத்திருந்தேன், அது இல்லை. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் பிரான்சில் இரண்டு கடல்களை இணைக்கும் கால்வாயை ஒரு வரி வசூல்காரர் மன்னரோடு சேர்ந்து வெட்டினார். சொந்தச் சொத்தையும் கொட்டினார். தண்ணீர் ஓடுவதற்குச் சில மாதம் முன்பு செத்துப்போனார். கால்வாய் இன்றும் இருக்கிறது.

இங்கிலாந்தில் சாலைக்குச் சாலை சுங்கக் கதவு. நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது, உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் நடத்தினார்கள். வேல்ஸ் பக்கம் பொறுக்க முடியாத ஆம்பிளைகள் புடவை மாதிரி பெண்களின் உடையைச் சுற்றிக்கொண்டு வந்து கதவுகளை உடைத்தார்களாம். இதை வாசித்ததும் அக்கா கையில் ஊசியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, டெக்னீஷியன் ஓடி வந்தார். "டீச்சர், கை ஆடக் கூடாது!" எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மார்ச் 17, திங்கள்

சுத்திகரிப்பு நிலையம் போனேன். இருபத்தாறு வருடம் வாரியத்தில் இருந்தும் உள்ளே போனது மூன்றாவது தடவை. எல்லா இடத்திலும் ஈரம். இரும்புப் படியில் கால் வைக்கவே பயம்.

மூத்த ஆபரேட்டரை எல்லோரும் மூக்கண்ணன் என்கிறார்கள். தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்பதைக் கருவி காட்டுவதற்கு முன்பே மூக்கால் சொல்லிவிடுவாராம். குளோரின் என்று சொல்லவும் மாட்டார், "மருந்து"தான். வால்வு வால்வாகக் கூட்டிப்போய் இருநூற்றுப் பன்னிரண்டு வேலை சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டு எண், எத்தனை முறை, யார் பொறுப்பு என்று வாரியம் அமர்த்திய ஒப்பந்த ஆலோசகர் கொடுத்த படிவத்தில் எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது, "மறந்துட்டேன் பாருங்க. மழை வந்து ஆத்துத் தண்ணி கலங்கினா மருந்தக் கூட்டுவோம். கூட்டறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டுக்கு ஒரு போன்" என்றார்.

மருந்து அதிகமான தண்ணீர் அங்கே ரத்தத்துக்குப் பக்கத்தில் போனால் ரத்த அணுக்கள் உடையும். அவர்களிடம் கரித் தொட்டி வடிகட்டி இருக்கிறது. போன் போனால் இரண்டாவது தொட்டியையும் சேர்த்துவிட்டு, மணிக்கு ஒரு தடவை சோதித்துப் பார்ப்பார்கள்.

"எந்தப் பதிவேடு அண்ணே?"

"போனுக்கு என்னம்மா பதிவேடு? எடுத்தா பேசுவோம், அவ்ளோதான்." சுவரில் தொலைபேசிக்கு மேலே வார்டின் எண்ணைப் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். பதினெட்டு வருடம் முன்பு இங்கே வேலை பார்த்த ஒருவரின் மனைவி அந்த வார்டில் படுத்திருந்தாராம். அந்த மனிதர் தொடங்கி வைத்தது. அந்த அம்மாவும் இல்லை, அவரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போன் மட்டும் நிற்கவில்லை.

எங்கள் அக்காவின் வார்டு! நான்கு வருடமாக யாரோ ஒரு ஆபரேட்டர் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார், நமக்குத் தெரியவே தெரியாது. என் அக்கா அங்கேதான் என்று அவரிடம் சொன்னேன். கும்பிட வேண்டும்போல் இருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

நியூயார்க்கில் 1799இல் ஒரு கம்பெனி, ஊருக்குத் தண்ணீர் தருகிறேன் என்று அனுமதி வாங்கியது. மிச்சப் பணத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அனுமதியில் ஒரு வரி. வங்கி திறந்துவிட்டார்கள்! தண்ணீர் பேருக்கு, மரக் குழாயில். ஒரு வரி போதும் போலிருக்கிறது. படித்துவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தேன். வந்தது.

மார்ச் 28, வெள்ளி

தலைக்கு மேல் வேலை. இருநூற்றுப் பதின்மூன்றில் ஒன்பது வரியை ஆலோசகர் திருப்பி அனுப்பிவிட்டார். பதிவேட்டு எண் இல்லாத வேலைக்கு ஆதாரம் இல்லை, ஐந்து மணிக்குள் எண் கொடுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள் என்கிறார். நாலேகாலுக்குச் சொல்கிறார் இதை. மூன்றாவது பம்பை மரச் சுத்தியலால் தட்டிக் கிளப்புவது, கேட் நாய்க்குச் சோறு, இப்படி மூக்கண்ணன் பேச்சுவாக்கில் சொன்னவை எல்லாம் அதில் இருந்தன. நாய்ச் சோற்றுக்குப் பதிவேட்டு எண்ணுக்கு எங்கே போவது? கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதையும் தேர்ந்தெடுத்து நீக்கினேன். 4.52க்கு அனுப்பியாயிற்று.

தாமதமாகிவிடுமோ என்று காலையிலிருந்து பயந்தது வீண். நிம்மதி.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. என் வரலாற்று அத்தியாயத்தை நகர மன்றத்தில் இரண்டு பேர் பாராட்டினார்களாம். அக்கா, "பத்துப் பக்கத்துல எட்டு நாடு சுத்திட்ட, பாஸ்போர்ட்டே இல்லாம" என்றாள்.

ஜூன் 2, திங்கள்

ஒப்படைப்பு. சுத்திகரிப்பு நிலையத்தில் புதிய சாம்பல் நிறச் சுவர்கள், பெரிய திரைகள். பழைய ஆட்களை வேறு பிரிவுகளுக்கு மாற்றிவிட்டார்கள். மூக்கண்ணன் மீட்டர் பழுது பார்க்கும் கிடங்கில். "திருகாணிக்கு என்னம்மா வாசனை இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு நல்லாவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

அத்தியாயத்தைத் தனிப் புத்தகமாக அச்சிடப் போகிறார்கள். பிழை திருத்திக் கொடுக்க மெய்ப்பு வந்திருந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்தபடி பொலிவியா பக்கத்தைப் படித்தாள். "அந்த ஊரு எட்டாயிரம் அடி உயரத்துக்கு மேல. மழையே கம்மி" என்று திருத்தம் சொன்னாள். அங்கே தண்ணீரைக் கம்பெனிக்குக் கொடுத்தபோது ஜனங்கள் தாங்களே வெட்டிய கிணறுகள் யாருடையவை என்று ஒப்பந்தம் யோசிக்கவில்லை. அதுவும் கம்பெனிக் கணக்கில் சேர்ந்தது. ஊரே தெருவில் இறங்கி, 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்து. "காகிதத்தில் இடம் பெறாத ஏற்பாடுகளே முதலில் முறிந்தன" என்று எழுதியிருக்கிறேன். நான்தான் எழுதியிருக்கிறேன்.

டெக்னீஷியன் ஊசியைச் சரிபார்த்தபடி சாதாரணமாகக் கேட்டார். "மேடம், உங்க ஆளுங்க இப்பல்லாம் போனே பண்றதில்லையே. போன வாரம் மழையிலகூட வரல. மருந்து கூட்டலையோ?"

மெய்ப்பு கையிலிருந்து நழுவியது.

ஒன்பது வரி. நாய்ச் சோறு, சுத்தியல்... அதுவும் அதில்தான் இருந்தது. பார்க்காமல் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து— பார்க்காமலா? பார்த்தேனா? ஞாபகம் இல்லை. பார்த்திருந்தால் எடுத்திருப்பேனா? எடுத்திருக்க மாட்டேன். மாட்டேன்தானே?

அக்கா "என்னடி, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்ட?" என்றாள். வெயில் என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

கம்பெனியின் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். ஒரு பெண். தங்கமான குரல். கெட்டவர்களாக இருந்தால் சண்டையாவது போடலாம். "எங்க பணிப் பட்டியல்ல அப்படி ஒண்ணு இல்லைங்க மேடம். மருந்து இப்ப தானா கூடுது, தானா குறையுது. யாருக்காவது தகவல் சொல்லணும்னா வாரியம் எழுத்துல கொடுக்கணும். அஞ்சாம் இணைப்புல இருந்தா கண்டிப்பா பண்ணியிருப்போம்."

அஞ்சாம் இணைப்பு. கையெழுத்துப் பக்கத்தில் தயாரித்தவர் என்று என் பெயர்.

ஜூன் 16, திங்கள்

தலைமைப் பொறியாளருக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். "28-3 அன்று என்னால் நீக்கப்பட்ட" வரைக்கும் வந்தது. அப்புறம் கை ஓடவில்லை. விசாரணை வரும். சஸ்பெண்ட் வரும். இந்த வேலை போனால் அக்காவின் சிகிச்சைக்கு வாரியம் தரும் மருத்துவ அட்டையும் போகும். அவளுக்காகத்தான் எழுதவில்லை.

இல்லை. எனக்குப் பயம், அதுதான். கிழித்துப் போட்டேன்.

ஜூன் 19, வியாழன்

ஒரு வழி கண்டுபிடித்தேன். மீன் தொட்டி விற்கும் கடையில் குளோரின் பார்க்கும் சொட்டு மருந்து கிடைக்கிறது. காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டுக் குழாயில் பிடித்துப் பார்த்தேன். வெளிர் மஞ்சள், சரியான அளவு. ஆறு மணிக்கு வார்டுக்குப் போன் செய்து, "தண்ணி வாரியத்துல இருந்து பேசறேன். இன்னைக்கு மருந்து சரியா இருக்கு" என்றேன். தொட்டிகளைப் பார்க்கும் காலைப்பணி டெக்னீஷியன் வேறு ஆள், என் குரல் தெரியாது. "ரொம்ப நன்றிங்க" என்றார். பொய் ஒன்றும் இல்லையே, வாரியத்தில்தானே இருக்கிறேன். இனி அக்காவின் நாட்களில் மட்டுமல்ல, தினமும் செய்வேன்.

ஜூன் 30, திங்கள்

தினமும் செய்கிறேன். தினமும் மஞ்சள். ஆனாலும் பயம் குறையவில்லை, வேளை மாறியிருக்கிறது. முன்பெல்லாம் படுக்கப் போகும்போது வரும், இப்போது எழுந்திருக்கும்போதே வந்துவிடுகிறது.

வரலாற்றுக்கு இன்னும் இரண்டு பத்தி கேட்டார்கள். பிலிப்பைன்சில் தொண்ணூறுகளில் நாள் முழுக்க மின்வெட்டு. தனியார் மின்நிலையங்கள் மளமளவென்று வந்தன, வெளிச்சம் வந்தது. பின்னால், பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் ஜனங்கள் கட்ட வேண்டியதாயிற்று. பாரிஸ் இருபத்தைந்து வருடம் கழித்து 2010இல் தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. எல்லா நாட்டுக்கும் திரும்பிப் பார்க்கப் பத்து, இருபது வருடம் கிடைத்திருக்கிறது. எனக்கு அடுத்த மழை வரைக்கும்தான்.

ஜூலை 12, சனி

மழை இல்லை. மழை இல்லாததற்குச் சந்தோஷப்படும் தண்ணீர் வாரிய ஊழியர் நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஜூலை 15, செவ்வாய்

மதியம் இரண்டு. அவசரப் பிரிவு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் உட்கார்ந்திருக்க முடியாது.

விடியற்காலையில் மலைப் பக்கம் நல்ல மழை என்று வானொலி. ஐந்தரைக்குச் சோதித்தேன். மஞ்சள். ஆறுக்குப் போன் செய்தேன். "சரியா இருக்கு." ஏழுக்கு அக்காவை விட்டுவிட்டு அலுவலகம் போனேன். எட்டரைக்கு மூக்கண்ணன் போன். மூச்சு வாங்குகிறது. "தங்கச்சி, வீட்டுக் குழாயத் தொறந்தேன், மருந்து மூக்கத் தொளைக்குது. வார்டுக்குச் சொல்லிட்டேன். நீ ஓடு."

எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. அக்காவின் குழாயில் ரத்தம் வேறு நிறமாக இருந்தது. பார்த்தேன். இனி அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. தலைவலி, முதுகு வலி என்று அனத்திக்கொண்டிருந்தாள். அடுத்த நாற்காலித் தையல்காரருக்கும் அதே. எந்திரங்களை நிறுத்திவிட்டார்கள்.

காலைப்பணி டெக்னீஷியன் சுவரில் சாய்ந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "மழைன்னு தெரிஞ்சதும் ரெண்டாவது தொட்டியப் போடலாம்னுதான் இருந்தேன் மேடம். ஆனா வாரியத்துல இருந்து போன் வந்துச்சு, சரியா இருக்குன்னாங்க. அதான் விட்டுட்டேன்."

நான்தான் அந்தப் போன். ஐந்தரைக்குப் பிறகு கூடிய மருந்து என் சொட்டுக்கு எப்படித் தெரியும்? அவரிடம் சொல்லவில்லை.

கடவுளே. ஒண்ணும் செய்யாம சும்மா இருந்திருந்தாகூட அந்த மனுஷன் தொட்டியப் போட்டிருப்பாரே. நான் சும்மா இருந்திருக்கலாமே.

ஜூலை 16, புதன்

ரத்தம் ஏற்றினார்கள். தையல்காரர் பரவாயில்லை. அக்கா கண் திறந்து, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள். புதன் என்றேன். "அப்ப நம்ம நாள் இல்ல, ஏன் இங்க இருக்கோம்?" என்றாள். கழிவறைக்குப் போய் அழுதேன்.

ஜூலை 18, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மெதுவாக, ஆற அமரச் சொல்ல நினைத்தேன். அவள் ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. பட்டியல், ஒன்பது வரி, கிழித்த குறிப்பு, மீன் தொட்டிச் சொட்டு மருந்து, ஆறு மணிப் போன். அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஆப்பிளை மேசையில் வைத்தாள்.

"எட்டு நாட்டு வரலாறு எழுதின. நம்ம வார்டு நம்பர் எழுத உனக்கு இடமில்லாமப் போச்சா?"

"அக்கா, பயந்துட்டேன்க்கா..."

"நீ எப்பவும்தான் பயப்படுவ. கேஸுக்குப் பயந்த, பூட்டுக்குப் பயந்த, நான் சிரிச்சேன். ஒரு மாசம் தெரிஞ்சே என்னைக் கூட்டிட்டு வந்து இந்த நாற்காலியில உட்கார வெச்சியேடி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த டெக்னீஷியன்கிட்டச் சொல்லியிருப்பேனே. அந்தத் தையல்காரருக்கு மூணு பொண்ணு."



பையிலிருந்து பேனாவை எடுத்து என் மடியில் போட்டாள். "எழுது. இங்கயே. கிழிக்காம."

வார்டின் மருந்துச் சீட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். "28-3 அன்று என்னால் நீக்கப்பட்ட வரிகளில்..." ஒரு பக்கம் வந்தது. அக்கா வாங்கிப் படித்து, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை திருத்தினாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாலை நான்கு மணிக்குத் தலைமைப் பொறியாளர் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை நீங்க எழுதாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார். அக்காவுக்குத் தெரியுமே சார் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

குற்றச்சாட்டுக் குறிப்பாணை கைக்கு வந்தது. காலைப்பணி டெக்னீஷியனைத் தேடிப்போய் அந்தப் போன் நான்தான் என்றும் சொன்னேன். "ஆறு நாளா எனக்குத் தூக்கமில்ல மேடம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விசாரணை முடியும்வரை எனக்கு மீட்டர் கிடங்கு. மூக்கண்ணனுக்கு எதிர் மேசை. மருத்துவ அட்டையை இப்போதைக்கு நிறுத்தவில்லை. முடிவு எப்படி வருமோ, தபால்காரர் சைக்கிள் நின்றாலே திக்கென்கிறது.

அக்கா என்னோடு பேசுகிறாள். உப்பு எங்கே, குடை எங்கே என்ற அளவில். நடுங்கி என்று கூப்பிட்டு மூன்று வாரமாகிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஐந்தாம் இணைப்பில் ஒரு திருத்தம் சேர்த்துவிட்டார்கள். மருந்து கூட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வார்டுக்குத் தொலைபேசித் தகவல், பதிவேட்டு எண் உட்பட. கட்டுப்பாட்டு அறையில் ஒரு நோட்டு, வார்டில் ஒரு நோட்டு. சொன்னவர் பெயர், கேட்டவர் பெயர், நேரம். மூக்கண்ணன், "பதினெட்டு வருஷமா போயிட்டிருந்த போனுக்கு இப்பதான் பேர் வெச்சாங்க" என்றார். திருகாணிகளைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். ஐந்து மணிக்கே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து கேட்டுவிட்டேன். அதே தங்கமான குரல். "சொல்லியாச்சுங்க மேடம், நாலு ஐம்பதுக்கே சொல்லியாச்சு." மூக்கண்ணனும் தன் வீட்டுக் குழாயை மோந்துவிட்டுப் போன் செய்தார். வார்டில் இரண்டாவது தொட்டி ஓடுவதை நானே உள்ளே போய்ப் பார்த்தேன்.

ஜன்னலோர நாற்காலி. டெக்னீஷியன் ஊசியோடு குனிந்தார். அக்கா கையைப் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா" என்றேன். "நாலு ஐம்பதுக்கு வந்துச்சு. நான் கேட்டுட்டேன்."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. டெக்னீஷியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். மேசைக்குப் போய் நோட்டை எடுத்து வந்து, பக்கத்தைத் திருப்பி, அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பெயர், நேரம், கையெழுத்து.

அப்புறம்தான் கையை நீட்டினாள்.